ஃப்ரீலான்ஸ் கைடுகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் திறக்கவே வேண்டாம்

ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் புதிதாக வருகிறவர் கையில் சிக்கும் கைடுகள் இப்போது நான்கு ரகம். யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் தமிழ் வீடியோத் தொடர்கள். நூறு ரூபாயிலிருந்து ஐந்நூறு வரை விற்கும் பிடிஎஃப்கள். சனி ஞாயிறு வகுப்புகள். இவை ஜூமிலும் உண்டு, நெல்லை ஜங்ஷன் பக்கம் ஏதாவது மாடியில் ஏசி அறையிலும் உண்டு. நான்காவது, ஃப்ரீலான்ஸ் வேலை பிடித்துத் தரும் அப்வொர்க், ஃபைவர் போன்ற தளங்களே தங்கள் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருப்பவை. இந்தக் கடைசி ரகத்தை யாரும் கைடு என்று சொல்வதில்லை, அதனால் படிப்பவர்களும் குறைவு.

நெல்லை, தென்காசிப் பக்கம் வீட்டில் இருந்தபடியே டிசைன், வெப்சைட், மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், கணக்கு எழுதுதல் மாதிரி வேலை பிடிக்க நினைப்பவருக்கு இவை எந்த அளவுக்கு உதவும்? பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். கணக்குத் திறப்பது வரை எல்லாமே உதவுகின்றன. அதற்கு மேல் போனால், குற்றாலத்துக்கு எந்த பஸ் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டு, அருவியில் தண்ணி விழுகிறதா என்பதைச் சொல்லாமல் விடுகிற ஆட்கள் மாதிரிதான் பெரும்பாலானவை. எதை விற்பது, என்ன விலை சொல்வது, எதுவரைக்கும் நம் வேலை, காசு எந்த வழியாகக் கைக்கு வரும். புதியவர் தடுக்கி விழும் இடங்கள் இந்த நான்கு. கைடுகள் பக்கத்தைப் புரட்டி ஓடும் இடங்களும் இவையே.

கைடின் வயது

திறந்ததும் பார்க்க வேண்டியது, அது எப்போது எழுதியது என்பது. பிடிஎஃப்களில் தேதி இருக்காது. இருந்தாலும் அட்டையில் மட்டும் ஆண்டை மாற்றியிருப்பார்கள். உள்ளே இருக்கும் கட்டணக் கணக்கு பொய் சொல்லாது. அப்வொர்க்கை எடுத்துக்கொள்வோம். மாதம் 60 கனெக்ட் (வேலைக்கு விண்ணப்பிக்கச் செலவாகும் டோக்கன்) இலவசம் என்று இருந்தால் அது 2019க்கு முந்தைய சரக்கு. அந்த ஆண்டில்தான் ஒரு கனெக்டுக்கு 0.15 டாலர் என்று விலை வைத்தார்கள். தளம் எடுத்துக்கொள்ளும் கழிவு, வேலை தரும் ஒரு கிளையண்டிடம் வாங்கும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், 10,000 டாலர் வரை 10, அதற்கு மேல் 5 என்று இருந்தால் 2023 மே மாதத்துக்கு முன் எழுதியது. எல்லாருக்கும் 10 சதவீதம் என்றால் 2023 மேக்கும் 2025 மேக்கும் நடுவில் எழுதியது. 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 சதவீதம் வரை வேலைக்கு வேலை மாறுகிறது. ஃபைவர் 20 சதவீதத்திலேயே நிற்பதால் ஃபைவர் கைடுகள் அவ்வளவு சீக்கிரம் ஊசிப்போவதில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. உள்ளூர்க் கிளையண்டிடம் பேபாலில் வாங்கிக்கொள்ளுங்கள் என்ற வரி கண்ணில் பட்டால் அந்தக் கைடை அங்கேயே மூடிவிடலாம். இந்தியாவுக்குள்ளேயே பணம் அனுப்பி வாங்கும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது.

பழைய கைடு என்றால் நாலு எண் தப்பாக இருக்கும், அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. எண் மாறினால் அறிவுரையும் செல்லாக்காசாகிறது. ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க 12 கனெக்ட் கேட்டால் 1.80 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 153 ரூபாய், வரி தனி. "ஒரு நாளைக்குப் பத்து விண்ணப்பம் போடு, ஏதாவது ஒண்ணு மாட்டும்" என்பது கனெக்ட் இலவசமாகக் கொட்டிக்கிடந்த காலத்து அறிவுரை. இன்றைக்கு அப்படிச் செய்தால் நாளுக்கு 1,530 ரூபாய் போகும். மூன்று நாளில் 4,590 ரூபாய் கரைந்த பிறகு, இந்தத் தொழிலே மோசடி என்று ஒதுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் செலவிடச் சொல்லும் கைடே இன்றைய விலைக்குப் பொருந்தும்.

பெயரும் இனிஷியலும்

புரொஃபைல் அமைப்பதில் எல்லாக் கைடும் பாஸ். முகம் தெளிவாகத் தெரியும் படம், குறுகலான தலைப்பு, மூன்று மாதிரி வேலை. இதற்கு வீடியோ போதும், காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் ஆட்களைப் பிடித்து ஆட்டும் ஒரு சிக்கல் இந்தக் கைடுகளில் கண்ணிலேயே படுவதில்லை: இனிஷியல்.

தளங்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்திருக்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான். பான் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வார்கள் என்பதால் அதில் முத்துக்குமார் சுப்பையா என்று இருக்கும். ஆதாரில் எஸ் முத்துக்குமார். பேங்க் பாஸ்புக்கில் முத்துக்குமார் எஸ். தளத்தில் ஸ்டைலாக இருக்கட்டும் என்று முத்து குமார் என்று பிரித்துப் போட்டுவிட்டால், அடையாளச் சரிபார்ப்பில் ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் கணக்கு தொங்கும். சம்பாதித்த பிறகு தொங்கினால் வேதனை இரட்டிப்பு. கணக்குத் திறக்கும் முன்பே பான், பாஸ்போர்ட், பேங்க் மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பாஸ்போர்ட் இருந்தால் அதில் உள்ளபடியே தளத்தில் போடுங்கள். ஆதாரில் பெயர் திருத்த வேண்டியிருந்தால் அந்த வேலையை முதலில் முடியுங்கள். வெளிநாட்டுக் கைடுக்கு இது தெரிய நியாயமில்லை. தமிழ் வீடியோக்காரர்களும் விட்டுவிடுவதுதான் ஆச்சரியம்.

விண்ணப்பக் கடிதம்

பிடிஎஃப் விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்: "50 ரெடிமேட் புரொபோசல்கள்". திறந்தால் ஐம்பதும் ஒரே கடிதம். மதிப்புக்குரிய மேலாளர் அவர்களுக்கு, உங்கள் விளம்பரத்தைக் கவனமாகப் படித்தேன், இத்துறையில் ஐந்தாண்டு அனுபவம் உண்டு. கிளையண்டின் பட்டியலில் கடிதத்தின் முதல் இரண்டு வரிகள் மட்டும்தான் முதலில் தெரியும். அந்த இரண்டு வரியையும் வணக்கம் சொல்லியே தீர்த்துவிடுகிற டெம்ப்ளேட்டுக்கு ஐந்து பைசாக் கூடக் கொடுக்கத் தேவையில்லை.

முதல் வரியில் இருக்க வேண்டியது, அவர்களுடைய பொருளைப் பார்த்துவிட்டு எழுதியது என்பதற்கு ஆதாரம். ஒரு துணிக்கடை வெப்சைட் வேலை என்றால்: "உங்கள் கடைப் பக்கத்தை மொபைலில் திறந்தேன், கார்ட்டில் சேர்க்கும் பட்டன் வாட்ஸ்அப் ஐகானுக்குப் பின்னால் மறைகிறது." அடுத்து, அதை எப்படிச் சரிசெய்வது, எத்தனை நாள் ஆகும். பிறகு, அதே மாதிரி செய்த ஒரே ஒரு மாதிரி வேலையின் லிங்க். கடைசியில், அவர்கள் பதில் சொல்லியே தீர வேண்டிய ஒரு கேள்வி: சைட்டின் தீம் (வடிவமைப்பு) மாற்றும் எண்ணம் இருக்கிறதா, இதே தீமில் சரிசெய்தால் போதுமா? மொத்தம் நூறு, நூற்றைம்பது சொல். இப்படிப் பிரித்துக் காட்டி, எந்த வரி எதற்கு என்று காரணம் சொல்லும் கைடு கிடைத்தால் வாங்குங்கள். பத்து மாதிரிகள் வேண்டாம், காரணத்தோடு ஒரு மாதிரி போதும்.

விண்ணப்பிக்கும் முன் எதைப் பார்ப்பது என்பதையும் தளத்தின் உதவிப் பக்கங்கள் நன்றாகவே சொல்கின்றன. பணம் செலுத்தும் முறை சரிபார்க்கப்பட்டதா, இதுவரை போட்ட விளம்பரங்களில் எத்தனைக்கு ஆள் எடுத்திருக்கிறார், மணிக்குச் சராசரியாக என்ன கொடுத்திருக்கிறார். மூன்று டாலருக்கு மேல் கொடுத்தே பழக்கமில்லாத கிளையண்டிடம் பன்னிரண்டு டாலருக்கு விண்ணப்பிப்பது கனெக்டைத் தாமிரபரணியில் போடுவதற்குச் சமம்.

விலை

இங்கேதான் கைடுகளின் சாயம் வெளுக்கும். "ஆரம்பத்தில் மணிக்கு 5 டாலர் போடுங்கள், ரிவ்யூ சேர்ந்ததும் ஏற்றுங்கள்" என்பதே அநேகமாக எல்லாவற்றிலும். 5 டாலர் எங்கிருந்து வந்தது என்று கணக்குக் காட்டுவது அபூர்வம்.

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ மாதம் 25,000 ரூபாய் கையில் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இன்டர்நெட், மென்பொருள் சந்தா, கனெக்ட், கரண்ட், லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேர்த்து 5,000. லேப்டாப்பை விட்டுவிடாதீர்கள், 50,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருஷம் உழைத்தால் மாதம் 1,390 ரூபாய் தேய்கிறது. ஆக 30,000. தளத்தின் கழிவு 10 சதவீதம் என்றால் 30,000ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 33,333. பத்து சதவீதம் கூட்டிப் போடுவது தப்பு. 33,000 வாங்கினால் கழிவு போக 29,700தான் மிஞ்சும். டாலரை ரூபாயாக்குவதில் 3 சதவீதம் போகும் என்றால் 0.97ஆல் வகுக்க, ஏறத்தாழ 34,360.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுப்பது? ஒரு நாளைக்கு எட்டு மணி, 25 நாள், 200 மணி நேரம் என்று போட்டால் அது கற்பனை. விண்ணப்பம் எழுத, மெயிலுக்குப் பதில் சொல்ல, திருத்தம் செய்ய, பில் போட என்று பாதி போய்விடும். நூறு மணி நேரம் பில் போட முடிந்தால் மணிக்கு 344 ரூபாய், அதாவது 4 டாலர். பார்த்தால் 5 டாலர் சரிதானே என்று தோன்றும். ஆனால் முதல் சில மாதங்களில் நூறு மணி நேர வேலை யாருக்கு நிரம்புகிறது? நாற்பது மணி நேரம் கிடைத்தால் மணிக்கு 859 ரூபாய், 10 டாலருக்குச் சற்று மேலே. வேலை குறைவாக இருக்கும் காலத்தில்தான் விலை கூடுதலாக இருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. கைடுகள் நேர் எதிராகச் சொல்கின்றன. கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணமோ, வீட்டில் வேறு வருமானமோ இருந்தால் 5 டாலரில் தொடங்கலாம். இல்லையென்றால், பகுதிநேர வேலை ஒன்றை வைத்துக்கொண்டு 10 டாலரில் தொடங்குவது புத்திசாலித்தனம். இந்த வகுத்தலைப் பக்கத்தில் காட்டாத கைடு, விலை என்ற அத்தியாயத்தை வைக்காமலே இருந்திருக்கலாம்.

ஃபைவர் கைடுகளில் இன்னொரு கழித்தலும் விடுபடும். 10 டாலருக்கு ஒரு கிக் (அங்கே விற்கும் சேவைக்கு அதுதான் பெயர்) விற்றால் 8 டாலர் உங்களுக்கு. புதியவருக்கு அந்த 8 டாலர் உடனே கைக்கு வராது, வேலை முடிந்து 14 நாள் தளத்திலேயே நிற்கும். அப்வொர்க்கில் ஒரே தொகைக்குப் பேசிய வேலையை ஒப்படைத்தால், கிளையண்ட் எதுவும் செய்யாமல் இருந்தாலும் 14 நாளில் தானாக ஏற்கப்படும். அதற்குப் பிறகு 5 நாள் பாதுகாப்புக் காலம். ஆடியில் முடித்த வேலைக்கு ஆவணியில் காசு என்று மனதில் வைத்துக்கொண்டு வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டும். வேலை தொடங்கும் முன் அந்தத் தொகை தளத்தில் டெபாசிட் ஆகியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு முக்கியம். ஆகாமல் செய்து கொடுத்த வேலைக்குத் தளம் பொறுப்பேற்காது.

எதை விற்பது

"டேட்டா என்ட்ரி, டைப்பிங், கேப்சா" என்று பட்டியல் தொடங்கும் கைடு ஆபத்தானது. பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை, நேராக மோசடிக்காரன் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அந்த மோசடி நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுவது நல்லது. 500 பக்கம் டைப் செய்ய வேண்டும், ஏழு நாள், 90 சதவீதம் துல்லியம், இவ்வளவு ரூபாய் என்று ஒரு ஒப்பந்தம் வரும். ஆதார் நகல், மின் கையொப்பம் வாங்கிக்கொள்வார்கள். முடித்துக் கொடுத்ததும் துல்லியம் குறைவு, ஒப்பந்த மீறல் என்பார்கள். அடுத்து வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்று வரும். கோர்ட்டுக்குப் போகாமல் இருக்க இத்தனை ஆயிரம் உடனே அனுப்பு என்று. பயந்து அனுப்பினால் மறுபடி கேட்பார்கள். ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். வேலை கொடுக்க முன்பணம் கேட்பவர், ஒப்பந்தம் போடும் முன்பே டெலிகிராமுக்கு வரச் சொல்பவர், வீடியோவுக்கு லைக் போட்டால் ஐம்பது ரூபாய் என்று தொடங்குபவர் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள். கைடு நல்லதா என்று பார்க்க, இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியாவது அதில் எச்சரிக்கை இருக்கிறதா என்று தேடினாலே போதும்.

நம் பக்கத்து ஆட்களுக்குக் கையிலேயே இருக்கும் சரக்கு தமிழ். ஆங்கிலத்தில் எழுதிய கைடுகளில் இதற்கு இடமில்லை. தமிழ்க் கைடுகளில் "மொழிபெயர்ப்பும் செய்யலாம்" என்று ஒரு வரி. மொழிபெயர்ப்புக்குக் கட்டணம் பெரும்பாலும் மூல மொழியின் சொல் கணக்கில் வரும், தமிழின் சொல் கணக்கில் வராது. ஆங்கில வாக்கியம் தமிழுக்கு வரும்போது சொற்கள் ஒட்டிக்கொண்டு எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதால், எந்தக் கணக்கு என்பதை முதல் மெயிலிலேயே கேட்டுவிட வேண்டும். நிறுவனங்கள் மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்யத் தெரியுமா என்று கேட்கும். வாக்கியங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, முன்பு செய்த மொழிபெயர்ப்பை நினைவில் வைத்துக் காட்டும் இந்த மென்பொருளில் இலவசமானவையும் உண்டு. ஒமேகாடி அப்படி ஒன்று. ஒரு வாரம் உட்கார்ந்தால் பழகிவிடும். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்திக் கொடுக்கும் வேலை இப்போது அதிகம் வருகிறது. விலை குறைவாகச் சொல்வார்கள், ஆனால் இயந்திரம் மோசமாகச் செய்திருந்தால் முதலிலிருந்து எழுதும் நேரமே ஆகும். அதனால் சொல் கணக்கில் ஒப்புக்கொள்ளாமல் மணிக் கணக்கில் பேசுவது நல்லது. ஒத்துவராவிட்டால் மாதிரிப் பக்கம் ஒன்று கேட்டுப் பார்த்துவிட்டு விலை சொல்லலாம். பாமினி, வானவில் மாதிரிப் பழைய எழுத்துருவில் கிடக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்துக் கொடுப்பதும் வேலைதான். அச்சகங்களும் பழைய ஆண்டு மலர்கள் வைத்திருக்கும் பள்ளிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன.

உள்ளூர்க் கிளையண்ட்

கைடுகள் உள்ளூர் வேலையைத் தாழ்வாகப் பேசும். டாலர் கனவு விற்கும்போது டவுண் நகைக்கடையும் பெருமாள்புரம் கிளினிக்கும் எடுபடாது. ஆனால் மாதிரி வேலை சேர்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. இல்லாத கம்பெனிக்கு லோகோ போட்டு வைப்பதைவிட, பத்தமடைப் பாய் விற்கும் ஒருவருக்கு அளவு, கோரை ரகம், நெசவு நெருக்கம், சாயம் எல்லாம் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த பொருள் விவரணை வெளிநாட்டுக் கிளையண்டிடம் பேசும்.

இங்கே பிரச்சினை எல்லை. "முதல்ல செஞ்சு கொண்டாங்க தம்பி, பாத்துக்கிடலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போது, என்ன பதில் சொல்வது என்று கைடில் இல்லை. "சரிங்க அண்ணாச்சி, பாதி முன்னாடி குடுத்துருங்க, மீதி ஃபைல் குடுக்கும்போது" என்பது தகராறில்லாத பதில். பேசி முடித்ததும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: ஐந்து பக்க வெப்சைட், படங்களும் எழுத்தும் அவர் தர வேண்டியது, இரண்டு முறை திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து முறைக்கு இவ்வளவு, டொமைன் (வெப்சைட்டின் முகவரி) அவர் பெயரிலேயே வாங்குவது, அதை ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கும் செலவு அவருடையது. டொமைன் வரியை விட்டுவிட்டால் அடுத்த வருஷம் புதுப்பிக்காமல் தளம் நின்றுபோய், பழி டிசைனர் மேல் விழும். "சரி" என்று ஒரு பதில் வந்தால் அதுவே ஆவணம்.

பணம் இழுத்தடித்தால் என்ன செய்வது என்பதற்கு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு பற்றிச் சொல்லும் கைடு கிடைத்தால் அது விவரமான ஆள் எழுதியது. சேவைத் தொழில் செய்யும் தனி ஆளும் குறுந்தொழிலாகப் பதியலாம். ஆதாரும் பானும் போதும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் தளங்கள் அரசுத் தளம் மாதிரி வேஷம் போட்டவை. பதிவு இருந்தால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று சிறு தொழில் சட்டம் சொல்கிறது. தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல், கெடு தாண்டி, வருஷ முடிவிலும் கொடுக்காமல் நிற்கும் தொகையை வேலை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்டி வரி குறைக்கவும் முடியாது. வழக்குப் போடத் தேவையே வராது, பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே கம்பெனிக் கணக்காளர் சீக்கிரம் நகர்த்துவார். விவரம் கேட்க மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது.

காசு வரும் வழியும் வரியும்

வெளிநாட்டுப் பணம் வந்தால் என்ன காரணத்துக்கு வந்தது என்று ரிசர்வ் வங்கிக்குச் சொல்லும் ஒரு குறியீடு உண்டு. மென்பொருள் ஆலோசனை வேலைக்கு பி0802, விளம்பரம், சந்தை ஆய்வுக்கு பி1007, நிர்வாக ஆலோசனைக்கு பி1006. பேபால், பேயோனியர் போன்ற பணம் வாங்கும் சேவைகள் எல்லாம் கணக்குத் திறக்கும்போதே இதைக் கேட்கும். கைடுகள் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று தாண்டிவிடும். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. துபாயிலோ தம்மாமிலோ இருக்கும் மச்சான் மூலம் ஒரு கடை வேலை கிடைக்கும். மச்சானே தன் கணக்கிலிருந்து அனுப்பிவிடுவார். அது குடும்பப் பராமரிப்பு என்ற பி1301 குறியீட்டில் வந்து விழும். வேலைக்கு வந்த பணம் என்பதற்குச் சான்று இல்லாமல் போகும். பிறகு கடனுக்கோ விசாவுக்கோ வருமானம் காட்டும்போது இந்தப் பணம் கணக்கில் வராது. கடைக்காரர் கணக்கிலிருந்தே, பில் எண் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரவுக்கும் சான்றை அப்போதே தரவிறக்கி வையுங்கள்.

கழிவில் பேபால்தான் கனமானது. 100 டாலருக்கு 4.4 சதவீதமும் 0.30 டாலரும் போய் 95.30 நிற்கும், அதையும் சந்தை விலைக்கு மூன்று நான்கு சதவீதம் கீழேதான் ரூபாயாக்கும். கிளையண்ட் ஒத்துக்கொண்டால் வேறு வழி பார்க்கலாம்.

வரியைப் பற்றி யூடியூபில் ஒரே மந்திரம், "44ஏடிஏ போடு, வரவில் பாதிக்குத்தான் வரி." பாதிப்பேருக்கு இது பொருந்தாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் அந்தப் பிரிவு பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும்: சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கு, தொழில்நுட்ப ஆலோசனை, உள்அலங்காரம், அறிவிக்கையில் சேர்த்த தகவல் தொழில்நுட்பம் போன்றவை. வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. டைப்பிங் வேலை செய்பவரை அந்தப் பட்டியலில் திணிக்க முடியாது. அவருக்கு வணிகத்துக்கான 44ஏடி பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாற்றம். இவை 58ஆம் பிரிவுக்குள் வருகின்றன. பழைய எண்ணையே உருப்போடும் கைடுக்கு வயதாகிவிட்டது.

ஜிஎஸ்டி விஷயத்தில் பயமுறுத்தல் அதிகம். சேவைக்கு வருஷ வரவு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம், வெளிமாநிலக் கிளையண்டாக இருந்தாலும். பணம் கொடுப்பவரே முன்கூட்டி வரி பிடிக்கும் டிடிஎஸ் பற்றியோ ஒன்றும் இருக்காது. சென்னைக் கம்பெனிக்கு 60,000 ரூபாய் பில் போட்டு 54,000 வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடித்து உங்கள் பானில் கட்டியிருப்பார்கள். வருமான வரித் தளத்தில், 26ஏஎஸ் என்று அறியப்பட்ட வரிப் பிடித்தப் பட்டியலில் தெரியும், ரிட்டர்ன் போடும்போது கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்பி வரும். தெரியவில்லை என்றால்தான் சண்டை.

கரண்ட்டும் நேரமும்

சுருக்கமாக. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை துணைமின் நிலையப் பெயரோடு முன்கூட்டியே பேப்பரில் வரும்; கெடு வைக்கும்போது அந்த நாளைப் பார்த்து வையுங்கள். ரூட்டரோடு ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து 12 வோல்ட் மினி யூபிஎஸ் வேண்டும், ஒன்றுக்கு மட்டும் வைத்துப் பயனில்லை. தெருமுனைப் பெட்டியில் கேபிள்காரர் பேட்டரி வைக்காவிட்டால் அதுவும் வீண் என்பதால், வேறு கம்பெனி சிம் ஒன்று தேவை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் கரண்ட்டும் நெட்டும் நாள்கணக்கில் போனது. அந்த மாதிரி நேரத்தில் கிளையண்டுக்குச் சேதி சொல்ல வெளியூரில் ஒரு நண்பரிடம் மெயில் முகவரிகள் இருக்க வேண்டும். நியூயார்க்கில் காலை பத்து மணி நமக்குக் கோடையில் இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம்தான் பின்னால். பகலில் வேலை செய்ய விரும்புபவர் அந்தப் பக்கம் பார்க்கலாம்.

எதற்குக் காசு

தளங்களின் உதவிப் பக்கங்கள் இலவசம், ஆங்கிலம் சற்று வறட்சி, ஆனால் கட்டணமும் விதியும் இன்றைய தேதியில் சரியாக இருப்பது அங்கேதான். முதல் இடம் அதற்கே. தமிழ் வீடியோக்கள் திரையைப் பார்த்தபடி கணக்குத் திறக்க நல்ல துணை. ஓராண்டுக்குள் வந்ததாக மட்டும் பாருங்கள். பிடிஎஃப்களில் விண்ணப்பத்தைப் பிரித்து விளக்குவதும், விலைக் கணக்கு காட்டுவதும் இருந்தால் 199 ரூபாய் வரை கொடுக்கலாம். டெம்ப்ளேட் மூட்டையாக இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். அந்தக் காசை ஆடிட்டரிடம் ஒரு மணி நேரத்துக்குக் கொடுப்பது மேல்.

வகுப்புகள் விலை உயர்ந்தவை, அதனால் சலித்துப் பார்ப்பதும் கூடுதலாக வேண்டும். ஐயாயிரம் கேட்கும் வகுப்பில் உங்கள் விண்ணப்பத்தை ஒரு முறையாவது எடுத்துத் திருத்திக் காட்டுவார்களா என்று கேளுங்கள். முப்பது பேரை உட்காரவைத்துப் பவர்பாயிண்ட் ஓட்டுவது என்றால் வீடியோவே போதும். சொல்லிக்கொடுப்பவர் வருமான ஸ்கிரீன்ஷாட் காட்டினால் மயங்க வேண்டாம், பிரவுசரில் எண்ணை மாற்றிப் படம் எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அவருடைய பொதுப் புரொஃபைல் லிங்க்கைக் கேளுங்கள். முடித்த வேலைகள் எத்தனை, கடைசி வேலை எந்த மாதம் என்பது அதில் தெரியும். வகுப்பு நடத்தத் தொடங்கிய பிறகு ஒரு வேலையும் இல்லை என்றால், அவர் இப்போது விற்பது வகுப்பு மட்டும்தான். லிங்க் தரவே மறுத்தால் அட்வான்ஸ் கட்ட வேண்டாம்.